முன்னோரில் ஒருவர் மாஃபியாவில் இருந்திருந்தால்: சிசிலி வம்சாவளியினரின் இரட்டை மனம்

[திரையில்: சிசிலித் தீவின் வரைபடம்]

வணக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இத்தாலியின் சிசிலித் தீவிலிருந்து லட்சக்கணக்கானோர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். அவர்களுடைய கொள்ளுப்பேரர்கள் இன்று தேவாலயப் பதிவேடுகளையும் நீதிமன்ற ஆவணங்களையும் புரட்டித் தங்கள் வேர்களைத் தேடும்போது, மாஃபியாவோடு தொடர்புடைய ஒரு மூதாதையரின் பெயர் சிலருக்கு அகப்பட்டுவிடுகிறது. அப்போது எழும் உணர்வில் வெட்கமும் அச்சமும் உண்டு. வெளியே சொல்லத் தயங்கும் ஒரு பெருமிதமும் உண்டு. இந்தக் கலவை எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப்போகிறோம்.

பெருமிதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் இவற்றில் அதுவே ஆபத்தானது. அரசு கைவிட்ட ஏழைகளுக்கு நியாயம் வழங்கியவர்கள், பெண்களையும் குழந்தைகளையும் தொடாதவர்கள் என்று அந்த முன்னோர்களைப் பற்றிய கதைகள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுகின்றன. வரலாறு இதற்கு நேர்மாறானது. 1812இல் சிசிலியில் நிலப்பிரபுத்துவம் சட்டப்படி ஒழிக்கப்பட்ட பிறகும் பெருநிலங்கள் சிலர் கையிலேயே இருந்தன. பாலெர்மோ நகரில் சொகுசாக வாழ்ந்த பிரபுக்கள் அந்த நிலங்களைக் 'கபெல்லோத்தோ' எனப்பட்ட குத்தகைதாரர்களிடம் ஒப்படைக்க, அவர்கள் ஆயுதம் தாங்கிய காவலாட்களை வைத்து உழவர்களைக் கசக்கிப் பிழிந்தார்கள். பாலெர்மோவைச் சூழ்ந்த எலுமிச்சைத் தோட்டங்களிலோ, காவலையும் பாசனத் தண்ணீரையும் கைப்பற்றியவர்கள், தாங்களே உண்டாக்கிய அச்சத்திலிருந்து காப்பதாகச் சொல்லிப் பணம் பறித்தார்கள். மாஃபியா வளர்ந்தது இந்த மண்ணில்தான்.

ஏழைகள் உரிமை கேட்டு எழுந்தபோது அது யார் பக்கம் நின்றது என்பதற்குக் கொர்லியோனே என்ற ஊரே சாட்சி. அங்கு உழவர் இயக்கத்தை வழிநடத்திய பெர்னார்தினோ வெர்ரோ, 1893இல் தம் இயக்கத்துக்குப் பாதுகாப்புக் கிடைக்கும் என்று நம்பி உள்ளூர் மாஃபியாக் குழுவில் தாமே சேர்ந்தவர். அதன் உண்மை முகத்தைக் கண்டதும் விலகி அதை எதிர்த்தார். 1914இல் நகரத் தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1915 நவம்பரில் கொல்லப்பட்டார். அதே ஊரின் தொழிற்சங்கத் தலைவர் பிளாச்சிதோ ரிட்சோத்தோ 1948இல் கடத்திக் கொல்லப்பட்டார். அவருடைய எலும்புகள் அடையாளம் காணப்பட்டது 2012இல்தான். குழந்தைகளைத் தொடமாட்டார்கள் என்ற கதைக்கு, தந்தை அரசுத் தரப்புச் சாட்சியாக மாறியதற்காக 1993இல் தம் 12 வயதில் கடத்தப்பட்டு, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அடைத்து வைக்கப்பட்டு, 1996இல் கொல்லப்பட்ட ஜுசெப்பே தி மத்தேயோவே மறுப்பு.

[திரையில்: நியூ ஆர்லியன்ஸ், 1891]

வெட்கத்துக்கு வேறொரு வரலாறு உண்டு, அதில் புலம்பெயர்ந்தோர் பக்கம் நியாயமும் உண்டு. 1890இல் நியூ ஆர்லியன்ஸ் காவல்துறைத் தலைவர் சுட்டுக்கொல்லப்பட்டபோது பழி இத்தாலியர்கள் மீது விழுந்தது. வழக்கில் எவரும் குற்றவாளியாகத் தீர்ப்பளிக்கப்படாத நிலையில், 1891 மார்ச் 14 அன்று ஒரு கும்பல் சிறைக்குள் புகுந்து 11 இத்தாலியர்களைக் கொன்றது. ஒரு சமூகம் முழுவதையும் மாஃபியா என்று முத்திரை குத்துவது உயிரையே பறிக்கும் என்பதை அந்தத் தலைமுறை கண்ணால் கண்டது. ஆகவே அந்தப் பேச்சையே வீட்டில் எடுக்காமல் இருந்தவர்களை என்னால் குறை சொல்ல முடியவில்லை. இந்த நியாயமான வலியையும் குற்றவாளிகள் விட்டுவைக்கவில்லை என்பதுதான் கொடுமை. இத்தாலிய அமெரிக்கர்கள் அவமதிக்கப்படுகிறார்கள் என்று 1970இல் ஓர் உரிமை இயக்கத்தைத் தொடங்கிப் பெருங்கூட்டத்தைத் திரட்டிய ஜோ கொலம்போ, நியூயார்க்கின் ஐந்து மாஃபியாக் குடும்பங்களில் ஒன்றின் தலைவராகவே இருந்தார்.

இனி, இரத்த உறவே மாஃபியாவாக இருந்தவர்களைப் பார்ப்போம். பாலெர்மோவுக்கு அருகிலுள்ள சீனிசி என்ற ஊரில் 1948இல் பிறந்தவர் பெப்பினோ இம்பஸ்தாதோ. அவருடைய தந்தை லூயிஜி மாஃபியாவோடு பிணைந்தவர். அத்தையின் கணவர் சேசரே மன்சேல்லா அவ்வூர் மாஃபியாவின் தலைவராக இருந்து, 1963இல் கார் வெடிகுண்டுக்கு இரையானவர். அந்தச் சாவைக் கண்ட பெப்பினோ பழிவாங்கும் வழியைத் தேடவில்லை. மாஃபியாவையே எதிர்க்கும் வழியைத் தேர்ந்தார். தந்தை அவரை வீட்டைவிட்டு வெளியேற்றினார். 1977இல் நண்பர்களோடு தொடங்கிய வானொலியில், புதிய தலைவரான கயத்தானோ பதலமெந்தியைப் பெயர் சுட்டி ஏளனம் செய்தார். 1978 மே 9 அதிகாலையில் கொல்லப்பட்டு, உடல் ரயில் தண்டவாளத்தில் வெடிவைத்துச் சிதைக்கப்பட்டது. குண்டு வைக்க முயன்று தானே இறந்த பயங்கரவாதி என்றே அதிகாரிகள் அவரைக் கருதினார்கள். மாஃபியாக்காரரின் மனைவியாக வாழ்ந்த தாய் ஃபெலிச்சா, பழிக்குப் பழி என்ற உறவினர் வழக்கத்தை மறுத்து நீதிமன்றத்தை நாடினார். பதலமெந்திக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது 2002இல்; 24 ஆண்டுகள் அந்தத் தாய் காத்திருக்க வேண்டியிருந்தது.

ரீத்தா ஆத்ரியாவின் கதையில் பாசம் இன்னும் சிக்கலானது. பர்தான்னா ஊரைச் சேர்ந்த அவருடைய தந்தையும் அண்ணனும் மாஃபியாவினர். 1985இலும் 1991இலும் கொல்லப்பட்டார்கள். அவர்களை நேசித்ததனாலேயே 17 வயதில் மாஃபியா வழக்குகளை விசாரித்த அரசு வழக்கறிஞர் பவுலோ போர்செல்லினோவிடம் வாக்குமூலம் அளித்தார். சொல்லச் சொல்ல, தாம் நேசித்தவர்கள் யார் என்பதும் அவருக்குத் தெளிவானது. தாய் அவரைக் கைவிட்டார். 1992 ஜூலை 19 அன்று போர்செல்லினோ குண்டுவெடிப்பில் கொல்லப்பட, ஒரு வாரத்தில் ரீத்தா தம் உயிரை மாய்த்துக்கொண்டார். மகளின் கல்லறைக் கல்லைத் தாயே உடைத்தார்.

நேசம் பொய்யில்லை, குற்றமும் பொய்யில்லை. பேத்தியைத் தோளில் தூக்கிய அதே கை இன்னொரு வீட்டில் ஒப்பாரியை எழுப்பியிருக்கலாம். பிறப்பால் வந்த குற்றத்துக்கு யாரும் பொறுப்பாளி அல்ல. ஆனால் அதைக் கதையாக்கி ரசிக்கும்போது அந்த இன்னொரு வீட்டுக்கு இரண்டாம் முறை அநீதி இழைக்கிறோம். பெப்பினோவும் ஃபெலிச்சாவும் ரீத்தாவும் அந்தக் குடும்பங்களுக்குள்ளிருந்தே வந்தவர்கள் என்பதால், அவர்களும் அந்தப் பரம்பரைக்குரியவர்களே.

எனவே, ஆவணங்களில் முன்னோரின் பெயர் கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடாமல், அதே வழக்கில் கொல்லப்பட்டவர் யார், நிலத்தையோ கடையையோ இழந்தவர் யார் என்பதையும் தேட வேண்டும். சுமார் 475 பேர் மீது 1986இல் பாலெர்மோவில் தொடங்கிய பெருவழக்கின் ஆவணங்கள் கொர்லியோனேயில் உள்ள மாஃபியா எதிர்ப்பு ஆவண மையத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. பார்வையாளர்கள் அங்கே செல்லலாம்.