மெம்செட்டுக்குள் ஒரு மெம்செட்

வணக்கம் மக்களே. தக்கலையில் மத்தியானத்திலிருந்து நல்ல மழை, தகரக் கூரைச் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். மழை நிற்கும்வரை காத்திருக்க என்னால் முடியவில்லை. நம்ம கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, பூட் ஆகிவிட்டது!

போன வீடியோவில், நினைவகத்தைப் பேஜ் என்ற துண்டுகளாகக் கொடுக்கும் பேஜ் அலகேட்டர் மெதுவாக இருக்கிறது என்று புலம்பினேன் இல்லையா, காரணம் மெம்செட், அதாவது நினைவகத்தின் ஒரு பகுதி முழுக்க ஒரே பைட்டை நிரப்பும் ஃபங்ஷன். ஒரு பேஜ் 4096 பைட். அதை ஒவ்வொரு பைட்டாக நிரப்பிக்கொண்டிருந்தேன். எட்டு எட்டாக எழுதினால் 512 தடவை போதும். நிரப்ப வேண்டிய பைட்டை, 01 எட்டு முறை அடுக்கிய ஹெக்ஸ் எண்ணால் பெருக்கினால் எட்டு இடத்திலும் அதுவே வந்து உட்காரும். இந்தப் பெருக்கல் எனக்கு அவ்வளவு பிடிக்கும்! கடைசியில் மிஞ்சும் ஏழு பைட் வரைக்கும் ஒரு சின்ன லூப்.

அந்தச் சின்ன லூப்தான் மூன்று ராத்திரியைத் தின்றது. கோடை வேகப்படுத்தச் சொல்லும் ஓ2 ஃபிளாக் போட்டு கம்பைல் செய்தால், கியூஎமு என்ற போலிக் கணினியில் திரை வருகிறது, போகிறது, மறுபடி வருகிறது. ட்ரிபிள் ஃபால்ட், அதாவது பிழையைக் கையாள்வதிலும் பிழை வந்து பிராசசரே ரீசெட் ஆவது. பேஜ் டேபிளைச் சந்தேகப்பட்டேன். ஸ்டாக்கைப் பெரிதாக்கினேன். லிங்கர் ஸ்கிரிப்டையே திரும்ப எழுதினேன். நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு, ஏத்தங்காய் சிப்ஸ் ஒரு பாக்கெட் தீர்ந்த பிறகு, கம்பைல் ஆன கோடை அசெம்ப்ளியாகக் காட்டும் ஆப்ஜ்டம்ப் எடுத்துப் பார்த்தால் மெம்செட்டுக்குள்ளேயே 'கால் மெம்செட்', அதாவது மெம்செட்டை அழைக்கும் கட்டளை! ஒரே பைட்டை வரிசையாக எழுதும் லூப்பைக் கண்டால் ஜிசிசி கம்பைலர் அதை மெம்செட் அழைப்பாக மாற்றிவிடும், இப்போது ஓ2-விலேயே. மற்ற இடங்களில் அது நல்லதுதான். இங்கே மிச்ச பைட்டை நிரப்பத் தன்னையே அழைக்கிறது, அதுவும் தன்னையே அழைக்கிறது, ஸ்டாக் தீரும்வரை. கீழே இயங்குதளம் இல்லை என்று கம்பைலருக்குச் சொல்லும் ஃப்ரீஸ்டாண்டிங் ஃபிளாக் போதும் என்று நம்பியிருந்தேன், போதாது. அந்த ஒரு ஃபைலுக்கு மட்டும், லூப்பை இப்படி மாற்றும் ட்ரீ-லூப்-டிஸ்ட்ரிப்யூட்-பேட்டர்ன்ஸை அணைத்தேன். பூட் ஆனது! நான் போட்ட கத்தலில் கீழே தூங்கிய அம்மா எழுந்து வந்துவிட்டார்கள்.

"எஸ்எஸ்இ போடுங்க அண்ணா" என்று கேட்டவர்களுக்கு: எஸ்எஸ்இ என்பது பெரிய ரெஜிஸ்டர்களால் பல பைட்டை ஒரே தடவையில் எழுதும் பிராசசர் கட்டளைகள். கெர்னலுக்குள் அதைத் தொட்டால் யூசர் புரோகிராமின் ரெஜிஸ்டர்களைச் சேமித்து, மீட்டு... எனக்கு அறவே பிடிக்காது. ஒரே பைட்டைத் திரும்பத் திரும்ப எழுதும் ரெப் ஸ்டாஸ்பி கட்டளை அழகு. 2012-இல் வந்த ஐவி பிரிட்ஜ் முதல் இன்டெல்லில் அதை வேகமாக்கவென்றே ஈஆர்எம்எஸ் வசதி உண்டு. சின்ன அளவுக்குத் தொடக்கச் செலவு கூடுதல், அதனால் முழு பேஜுக்கு மட்டும் வைக்கப்போகிறேன்.

ஐயோ, பெருக்கலில் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். மெம்செட்டுக்கு வரும் மதிப்பு இன்ட், அதாவது ஒரு பைட்டைவிடப் பெரிய முழு எண். முதலில் அதை ஒரே பைட் கொண்ட அன்சைன்ட் கேராக வெட்டிக்கொள்ளுங்கள். மைனஸ் 1 கொடுத்தால் எட்டு பைட்டிலும் ஹெக்ஸில் எஃப்எஃப் வர வேண்டும். வெட்டாமல் பெருக்கினால் முதல் பைட்டில் மட்டும் எஃப்எஃப், மீதி ஏழிலும் எஃப்இ.