கூலியாக ஊற்றிய மது

ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் மேற்கு கேப் மாகாணம் திராட்சைத் தோட்டங்களுக்குப் பெயர்போனது. அங்கே தோட்டத் தொழிலாளர்களுக்குக் கூலியில் ஒரு பகுதியை மட்டமான ஒயினாக ஊற்றிக் கொடுத்தார்கள். வேலைக்கு நடுவே, ஒரே நாளில் பலமுறை! 'டொப்' முறை என்று அதற்குப் பெயர். சட்டம் தடை செய்த பிறகும் அது உடனே ஒழியவில்லை. ஊட்டி வளர்த்த குடிப்பழக்கமோ தலைமுறை தாண்டி நின்றது. கருவிலேயே மதுவால் பாதிக்கப்பட்ட பிள்ளைகள் உலகில் மிக அதிகமாகக் காணப்படும் இடங்களில் அந்த வட்டாரமும் ஒன்று. அந்தத் தாய்மாரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. ஊற்றிக் கொடுத்த கை யாருடையது?

தாய் குடிக்கும் மது நஞ்சுக்கொடியைத் தாண்டிச் சிசுவின் இரத்தத்தில் கலக்கிறது. அதைச் சிதைக்கும் வலு சிசுவின் கல்லீரலுக்கு இன்னும் வந்திருக்காது. பனிக்குட நீரிலும் மது தங்கிவிடுகிறது. கரு உருவான மூன்றாம் வாரத்திலேயே, பல பெண்களுக்குத் தாங்கள் கருவுற்றிருப்பதே தெரியாத அந்த நாள்களிலேயே, சேதம் தொடங்கிவிடலாம். பிறகு நரம்பணுக்கள் தத்தம் இடத்துக்கு நகரும்போது தடம் மாறுகின்றன. மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பட்டை சிலருக்கு மெலிந்துபோகிறது. சிலருக்கு உருவாவதே இல்லை. கர்ப்ப காலம் முழுவதும் மூளை வளர்வதால், எந்த மாதத்திலும், எந்த அளவிலும் மது பாதுகாப்பானது என்று மருத்துவம் சொல்வதில்லை.

1968இல் பிரான்சின் நாந்த் நகர மருத்துவர் லெமுவான் குடிப்பழக்கம் உள்ள பெற்றோரின் 127 குழந்தைகளைப் பற்றி எழுதினார், கவனித்தவர்கள் குறைவு. 1973இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஜோன்ஸ், ஸ்மித் என்ற மருத்துவர்கள் இருவரும் இதற்குக் 'கருநிலை மது நோய்க்குறி' (Fetal Alcohol Syndrome) என்று பெயர் சூட்டிய பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. மெல்லிய மேலுதடு, மூக்குக்கும் உதட்டுக்கும் இடையே பள்ளமின்மை, குறுகிய கண்கள் ஆகியவை இதன் முக அடையாளங்களில் சில. ஆனால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு முகத்தில் எதுவும் தெரியாது. அதனால்தான் உங்களிடம் வந்திருக்கிறேன்.

அப்படிப்பட்ட மாணவனுக்கு நேற்று ஒப்பித்த வாய்ப்பாடு இன்று மறந்திருக்கும். "நோட்டை எடு, தேதி போடு, மூன்றாம் கணக்கைச் செய்" என்பீர்கள். நோட்டை எடுத்துவிட்டு விழித்துக்கொண்டு நிற்பான். திமிர் என்று பிரம்பைத் தேடாதீர்கள். சேதமான மூளையை மருந்தால் மீட்க முடியாது; ஆறு வயதுக்குள் கண்டுபிடித்து, அடியும் வன்முறையும் இல்லாத, நிலையான, அன்பான வீட்டில் வளர்ந்தால் அவன் பிற்காலம் பெரிதும் தேறுகிறது. ஆகவே முதலில் நோட்டை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். எடுத்த பிறகு தேதி.