பழைய வாட்சை விற்கப் போகிறீர்களா? முதலில் இதைப் பாருங்கள்

வணக்கம் நண்பர்களே. பீரோவைச் சுத்தம் செய்யும்போது ஒரு பழைய வாட்ச் கிடைத்திருக்கிறது, விற்கலாம் என்று இருக்கிறீர்கள், என்ன விலை சொல்வது என்று தெரியவில்லை. அப்படிப்பட்டவர்களுக்குத்தான் இந்த வீடியோ.

எடுத்த எடுப்பிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். பாலிஷ் போடாதீர்கள். மங்கிய டயலுக்குப் புதுப் பெயின்ட் அடிக்கக் கொடுக்காதீர்கள். புதுசு மாதிரி இருந்தால் நல்ல விலை வரும் என்று தோன்றும், ஆனால் பழைய வாட்ச் வாங்குகிறவர்கள் அப்படிப் பார்ப்பதில்லை. தொழிற்சாலையிலிருந்து வந்த டயல், வந்த முள், வந்த கேஸ் (வெளிக்கூடு) அப்படியே இருக்கிறதா என்றுதான் தேடுவார்கள். ஸ்ட்ராப் மாட்டுகிற காதுகளின் ஓரத்தைப் பாருங்கள், சில கேஸ்களில் கூர்மையாகச் சீவிய விளிம்பு ஒன்று ஓடும். பாலிஷ் மெஷினில் பிடித்தால் முதலில் காணாமல் போவது அதுதான். கீறல் விழுந்த கேஸுக்கு ஆள் கிடைப்பார். மழுங்கிப்போன கேஸுக்கு விலை குறைந்தது குறைந்ததுதான்.

சாவி கொடுக்கிற வாட்சாக இருந்தால், ஓடுகிறதா என்று பார்க்க நாலைந்து சுற்று போதும். நாள் கணக்கில் ஓட விடாதீர்கள். உள்ளே எண்ணெய் காய்ந்து போயிருந்தால் ஓட ஓடத் தேயும். பேட்டரி வாட்ச் என்றால் பழைய பேட்டரியை உடனே எடுத்துவிடுங்கள், கசிந்தால் உள்ளே இருப்பதையெல்லாம் அரித்துவிடும்.

சரி, இப்போது என் மேசையில் இருக்கிற வாட்சைப் பார்ப்போம். கேமராவைக் கிட்டே கொண்டு வருகிறேன். சீகோ குரோனோகிராப், அதாவது ஸ்டாப்வாட்ச் வசதியுள்ள வாட்ச், மஞ்சள் டயல், கீழே 6 மணி இடத்தில் நிமிடங்களை எண்ணுகிற ஒரு சின்ன வட்டம். திருப்புகிறேன். பின்மூடியில் 6139-6002 என்று இருக்கிறது, தெரிகிறதா? நடுவில் இருக்கிற கோட்டுக்கு முன்னால் இருப்பது மூவ்மென்டின், அதாவது உள்ளே ஓடுகிற இயந்திரத்தின் எண், பின்னால் இருப்பது கேஸின் எண். கூகுளில் தேட வேண்டியது இந்த எண்ணைத்தான். 'பழைய சீகோ மஞ்சள்' என்று தேடினால் ஒன்றும் உருப்படியாக வராது.

இன்னொரு எண் இருக்கிறது பாருங்கள், ஆறு இலக்கம், 25 என்று ஆரம்பிக்கிறது. அந்தக் காலத்துச் சீகோக்களில் முதல் இலக்கம் வருடத்தின் கடைசி எண், இரண்டாவது மாதம். அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு மட்டும் ஓ, என், டி என்று எழுத்து வரும். அப்படியானால் இது 2இல் முடிகிற ஏதோ ஒரு வருடத்தின் மே மாதம். எந்தப் பத்தாண்டு? 6139 மூவ்மென்ட் 1969இல் வந்தது, எழுபதுகளோடு முடிந்தது. ஆகவே 1972 மே. 9 என்று ஆரம்பித்திருந்தால் 1969ஆ 1979ஆ என்ற குழப்பம் வரும். அப்போது வேறு சாட்சி தேட வேண்டும். இந்த மாடல்களில் முதலில் 'வாட்டர் புரூஃப்' என்று போட்டார்கள், எழுபதுகளின் தொடக்கத்தில் அதை 'வாட்டர் ரெசிஸ்ட்' என்று மாற்றினார்கள். என் வாட்சில் டயலில் 'ரெசிஸ்ட்' என்று இருக்கிறது. 1972க்குப் பொருந்துகிறது. பின்மூடி 1975 என்று சொல்லி, டயலில் 'புரூஃப்' என்று இருந்தால் இரண்டில் ஒன்று வேறு வாட்சிலிருந்து வந்தது என்று அர்த்தம்.

பழைய வாட்சை அடையாளம் காண்பது என்றால் என்னைப் பொறுத்தவரை இவ்வளவுதான். டயல், முள், கேஸ், மூவ்மென்ட் எல்லாம் ஒரே காலத்தைச் சொல்கிறதா என்று ஒவ்வொன்றாக விசாரிப்பது. விலையும் அதை வைத்துத்தான்.

டயலுக்கு வருவோம். வில்லியம் போக் என்ற விண்வெளி வீரர் 1973 நவம்பரில் அமெரிக்க விண்வெளி நிலையத்துக்கான ஸ்கைலேப் 4 பயணத்துக்கு இதே 6139 குடும்பத்து மஞ்சள் டயல் வாட்சைக் கட்டிக்கொண்டு போனார். அதனால் மஞ்சளுக்குக் கிராக்கி அதிகம், அதனாலேயே புதிதாக அச்சடித்த டயல்களும் சந்தையில் நிறைய. எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு பத்து மடங்கு லென்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தின் விளிம்பைப் பாருங்கள். அசல் அச்சு சின்ன எழுத்திலும் கூர்மையாக நிற்கும். மறுபடி அடித்ததில் மை லேசாகப் பரவியிருக்கும், எழுத்து தடித்திருக்கும். நிமிடக் கோடுகள் மணிக் குறிகளுக்கு நேராக நிற்கின்றனவா, டயலின் அடியில் இருக்க வேண்டிய பொடி எழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். மறுஅச்சு அடிக்கிறவர்கள் அந்தப் பொடி எழுத்தைப் பல தடவை விட்டுவிடுவார்கள்.

அப்புறம் கிரவுன், பக்கவாட்டில் இருக்கிற திருகு. இந்த மாடலில் கையால் சாவி கொடுக்க முடியாது, கட்டியிருக்கும்போது கை அசைவில் தானே ஏறும். கிரவுனைப் பாதி அழுத்தினால் தேதி மாறும், முழுக்க அழுத்தினால் கிழமை மாறும். இதோ அழுத்துகிறேன், 14, 15, இப்போது கிழமையும் நகர்ந்துவிட்டது. நல்லது. குரோனோகிராபை ஓடவிட்டு, நிறுத்தி, கீழ்ப் பட்டனை அமுக்கினால் முள் சரியாக 12இல் வந்து நிற்க வேண்டும். கொஞ்சம் தள்ளி நின்றால் அதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாங்குகிறவர் கட்டாயம் கேட்பார்.

சுவிஸ் வாட்ச் என்றால் எண் இருக்கும் இடமே வேறு. பழைய ரோலெக்ஸில் ஸ்ட்ராப்பைக் கழற்றினால் காதுகளுக்கு நடுவில் இருக்கும், 12 மணிப் பக்கம் மாடல் எண், 6 மணிப் பக்கம் சீரியல் எண். பழைய ஒமேகாவில் பெரும்பாலும் பின்மூடியைத் திறந்து மூவ்மென்டில்தான் சீரியலைப் படிக்க வேண்டும். பெயர் தெரியாத பிராண்டாக இருந்தால் மூவ்மென்டில் முன்னும் பின்னும் ஆடுகிற பேலன்ஸ் சக்கரத்துக்குக் கீழே எட்டிப் பாருங்கள், அங்கே ஒரு குட்டி முத்திரையும் எண்ணும் இருக்கும். ஏஎஸ், எஃப்எச்எஃப், ஈட்டா, வால்ஜூ என்று அந்த மூவ்மென்டைச் செய்த கம்பெனி தெரிந்துவிடும். ஒரே மூவ்மென்டை வாங்கி ஏராளமான பிராண்டுகள் தங்கள் பெயரைப் போட்டு விற்றிருக்கின்றன. டயலில் யாரும் கேள்விப்படாத பெயர் இருந்து, உள்ளே வால்ஜூ 72 என்ற பேர்போன குரோனோகிராப் மூவ்மென்ட் இருந்தால் அந்த வாட்சைச் சும்மா தள்ளிவிடாதீர்கள். இன்னொன்று, டயலில் 'இன்கப்லாக்' என்று இருந்தால் அது பிராண்ட் பெயர் இல்லை, அதிர்ச்சியைத் தாங்குகிற ஒரு அமைப்பின் பெயர்.

பின்மூடியை நீங்களாகக் கத்தியால் நெம்பாதீர்கள். வாட்ச் மெக்கானிக்கிடம் கொண்டுபோய்த் திறக்கச் சொல்லி, நல்ல வெளிச்சத்தில் மூவ்மென்டையும் மூடியின் உட்புறத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உட்புறத்தில் ஊசியால் கீறிய சின்னச் சின்ன எழுத்துகள் இருக்கலாம். முன்பு சர்வீஸ் செய்தவர்கள் போட்ட குறி அது. அழிக்க வேண்டாம்.

இருட்டில் ஒளிர்கிற டயலைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். அறுபதுகள் வரைக்கும் வந்த பல டயல்களில் நிஜமான ரேடியம் இருக்கிறது. ரேடியத்தின் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 1600 வருடம். ஒளி செத்துப் போயிருந்தாலும் கதிர்வீச்சு போகவில்லை. கண்ணாடியைத் திறந்து சுரண்டுவது, ஊதுவது எல்லாம் ஆபத்து, அந்தத் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது. பிறகு டிரிடியம் வந்தது. சுவிஸ் டயலின் அடியில் 'டி சுவிஸ் மேட் டி' என்று இருந்தால் அதுதான். அதன் அரை ஆயுள் 12 வருடம் சொச்சம். எழுபதுகளின் டிரிடியம் டயல் இன்றைக்கும் இருட்டில் வெகுநேரம் பளிச்சென்று ஒளிர்ந்தால் யாரோ பிற்பாடு புதுப் பூச்சு வைத்திருக்கிறார்கள். முள்ளின் பூச்சு வெள்ளை, டயலின் பூச்சு பழுப்பு என்றாலும் அதே சந்தேகம்தான்.

தங்க நிறத்தைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். பின்மூடியில் '20 மைக்ரான்ஸ்', 'கோல்ட் ஃபில்டு', 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்' என்று இருந்தால் அது முலாம் அல்லது தங்கத் தகடு. 18 கேரட் என்றால் 0.750, 14 கேரட் என்றால் 0.585 என்ற முத்திரை தேடுங்கள்.

இவ்வளவு சந்தேகப்பட வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டும். 2021 நவம்பரில் ஜெனீவாவில் பிலிப்ஸ் ஏலத்தில் ஒரு ஒமேகா ஸ்பீட்மாஸ்டர், மாடல் 2915-1, 31 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் போனது. வாங்கியது ஒமேகாவின் சொந்த அருங்காட்சியகமே. வெவ்வேறு வாட்சுகளின் பாகங்களைச் சேர்த்துக் கட்டிய வாட்ச் அது என்று 2023இல் தெரியவந்தது. பாகங்களில் பெரும்பாலானவை அசல் ஒமேகா பாகங்கள்தான், ஆனால் ஒன்றாகப் பிறந்தவை இல்லை. 'பிராங்கன்வாட்ச்' என்று சொல்வது இதைத்தான். உங்கள் வாட்சில் ஏதாவது மாற்றியிருப்பது தெரிந்தால் ஒளிக்காமல் சொல்லி விற்றுவிடுங்கள். விலை குறையும், சண்டை வராது.

இனி விலை. விளம்பரத்தில் ஒருவர் கேட்கிற விலை வெறும் ஆசை. விற்று முடிந்தது எவ்வளவுக்கு என்பதுதான் கணக்கு. ஈபேயில் விற்றுப்போனவற்றை மட்டும் காட்டச் சொல்லித் தேடலாம், பெரிய ஏல நிறுவனங்களின் பழைய முடிவுகளும் இணையத்தில் கிடைக்கின்றன. ஒப்பிடும்போது அதே மாடல் எண், அதே டயல் நிறம், கிட்டத்தட்ட அதே நிலைமை என்று இருக்க வேண்டும். உச்ச விலைக்குப் போன ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளாமல் பத்துப் பதினைந்து விற்பனைகளைப் பாருங்கள், நடுவில் ஒரு வரம்பு தெரியும். காப்பீட்டுக்கு எழுதிக் கொடுக்கிற மதிப்பு அதைவிட மேலே இருக்கும், அந்தத் தொகை கைக்கு வராது. கடைக்காரர் கீழே கேட்பார், அவருக்குச் சர்வீஸ் செலவு இருக்கிறது, விற்கும் வரை பணமும் முடங்கும். ஏலத்தில் விட்டால் கமிஷன் போகும்.

சர்வீஸ் செய்துவிட்டு விற்கலாமா? என் அபிப்பிராயம், வேண்டாம். சாதாரண வாட்சில் சர்வீஸ் செலவு விலையையே விழுங்கிவிடும். நல்ல வாட்ச் என்றால் வாங்குகிறவர் தனக்கு நம்பிக்கையான ஆளிடம் கொடுக்கத்தான் விரும்புவார். 'ஓடுகிறது, சர்வீஸ் விவரம் தெரியாது' என்று எழுதினாலே போதும்.

பெட்டி, வாரண்டி அட்டை, பழைய பில், கழற்றி வைத்த பிரேஸ்லெட், மாற்றிய கிரவுன் எதுவாக இருந்தாலும் தேடி எடுத்து வாட்சோடு சேர்த்து வையுங்கள். படத்தில் டயல், பக்கவாட்டு, காதுகள், பின்மூடி, மூவ்மென்ட் எல்லாம் தெரிய வேண்டும். மூவ்மென்ட் படம் இல்லாவிட்டால் வாங்குகிறவர் உள்ளே மோசமாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு விலை கேட்பார். அந்த ஒரு படத்தை எடுத்துவிட்டு விற்க இறங்குங்கள். அடுத்த வீடியோவில் பார்க்கலாம்.