ஓட்டுப் போடும் முன்பே தெரிய வேண்டிய கணக்கு

வணக்கம் மக்களே. இந்த இரண்டு பிடிஎஃப்பையும் பாருங்கள், 2024 மார்ச் 14 ராத்திரி தேர்தல் ஆணையம் வெளியிட்டது. தேர்தல் பத்திரம் என்றால், கொடுத்தவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிக்கு நன்கொடை தர ஸ்டேட் பேங்கில் வாங்கிய பத்திரம். இதில் பத்திரம் வாங்கிய கம்பெனிகள், அதில் பத்திரத்தைப் பணமாக்கிய கட்சிகள். யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பது மட்டும் இரண்டிலும் இல்லை.

ஆனால் வாங்கியவரையும் பணமாக்கிய கட்சியையும் பொருத்திப் பார்க்கப் பத்திரத்திலேயே வழி இருந்தது. புற ஊதா விளக்கில் பிடித்தால் மட்டும் தெரிகிற ஒரு எண். 2018-லேயே ஒரு பத்திரிகையாளர் ஆயிரம் ரூபாய்ப் பத்திரம் வாங்கி, ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்து எழுதிவிட்டார். விவரங்களை வெளியிடச் சொன்ன சுப்ரீம் கோர்ட் மறுபடி கண்டித்த பிறகுதான் ஸ்டேட் பேங்க் எண்களைக் கொடுத்து, மார்ச் 21-ல் அவை வெளியே வந்தன. தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு ஏப்ரல் 19-ல் நடந்தது. ஐந்து வருஷக் கணக்கைப் படிக்க நமக்குக் கிடைத்தது 29 நாள்!

அதிகமாக வாங்கியது கோயம்புத்தூர் லாட்டரி கம்பெனி ஃப்யூச்சர் கேமிங், 1,368 கோடி. அவர்களிடமிருந்து 509 கோடி வந்ததாக திமுகவே ஆணையத்திடம் சொல்லியிருந்தது. எல்லோரையும் விட அதிகம் வாங்கிய பாஜக, கொடுத்தவர் பெயரைச் சொல்லவில்லை. எந்தக் கட்சியாக இருந்தாலும் என் கேள்வி ஒன்றுதான், கொடுத்த கம்பெனியே ஏன் சொல்லக் கூடாது?

2017-ல் சட்டத்தை மாற்றி, கம்பெனிகள் கட்சிகளுக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு இருந்த, சராசரி லாபத்தில் 7.5 சதவீதம் என்ற உச்சவரம்பையும், எந்தக் கட்சிக்கு என்று கணக்கில் எழுதும் கட்டாயத்தையும் எடுத்துவிட்டார்கள். சுப்ரீம் கோர்ட்டின் 2024 பிப்ரவரி 15 தீர்ப்பு அந்த இரண்டு மாற்றங்களுமே செல்லாது என்றது. சரி, அதோடு தீர்ந்ததா? ஏப்ரலில் கொடுத்த பணம் அடுத்த மார்ச்சில் கணக்கு முடிந்து, ஆடிட் ஆகி வெளியே வரும்போது புது ஆட்சிக்கு ஒரு வயது தாண்டியிருக்கும். கம்பெனிகளிடம் நன்கொடை வாங்கிக் கட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் தேர்தல் அறக்கட்டளை வழியாகப் போனாலோ, பல கம்பெனிகளின் பணம் ஒன்றாகக் கலந்துவிடுகிறது, யாருடையது எந்தக் கட்சிக்குப் போனது என்று பிரித்துப் பார்ப்பது பெரும்பாலும் கஷ்டம்.

எங்கள் அம்மா மாதம் ஆயிரம் ரூபாய் மியூச்சுவல் ஃபண்டில் போடுகிறார். அது போய்ச் சேருகிற கம்பெனிகள் தங்கள் லாபத்தில் யாருக்கு நன்கொடை கொடுக்கின்றன என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. பங்குச் சந்தையில் இருக்கிற கம்பெனியின் இயக்குநர் பத்து லட்சத்துக்கு மேல் சொந்தப் பங்கை விற்றால் பங்குச் சந்தை நடக்கும் இரண்டு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். தேர்தல் நன்கொடைக்கும் அதையே கேட்கிறேன்: கட்சி, தொகை, தேதி, இரண்டு நாளில்.

உங்களிடம் பங்கு இருக்கிற கம்பெனியின் ஆண்டறிக்கையைத் திறந்து, அரசியல் நன்கொடை என்று தேடிப் பாருங்கள். கிடைத்ததை கமெண்டில் போடுங்கள், அடுத்த வீடியோவில் வரிசையாகப் படிக்கிறேன்.