4 இஞ்ச் புல்லியும் திருப்பரங்குன்றம் பாலமும்

மதுரை வானொலி நேயர்களுக்கு வணக்கம். லேத் பட்டறைக்காரனைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். பேச்சில் கொஞ்சம் கிரீஸ் வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஒரு தம்பி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். 26 இஞ்ச் சைக்கிள், சின்ன பெட்ரோல் இன்ஜின் பூட்டியது. மாட்டுத்தாவணிக்குப் பூ மூட்டை ஏற்றிப் போகிறவர். "அண்ணே, 3 இஞ்ச் புல்லியைக் கழற்றிட்டு 4 இஞ்ச் போட்டேன். பறக்குது. திருப்பரங்குன்றம் பாலத்துல மட்டும் புகையுது" என்றார். இன்ஜின் சுற்றை வீல் பக்கம் கடத்துவது கிளட்ச்; அதன் டிரம்மை, அதாவது வட்டக் கிண்ணத்தை, கழற்றினேன். உள்பக்கம் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. டிரம்மை உரசிப் பிடிக்கும் பட்டையான லைனிங் கருகி, தொட்டதும் உதிர்ந்தது.

பேப்பர், பென்சில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வண்டியில் கிளட்சுக்கு அடுத்த கியர் பெட்டி, இன்ஜின் 5 சுற்று சுற்றினால் 1 சுற்று வெளியே தரும். பெட்டியில் 3 இஞ்ச் புல்லி, அதாவது பெல்ட் ஓடும் சக்கரம்; பின் வீலில் 15 இஞ்ச் புல்லி; இரண்டையும் பெல்ட் இணைக்கும். அதுவும் 5க்கு 1. இரண்டையும் பெருக்கணும், கூட்டக்கூடாது. ஆக 25. இன்ஜின் நிமிடத்துக்கு 6000 சுற்று போனால் வீல் 240. ஒரு சுற்றுக்கு வண்டி 2 மீட்டரும் கொஞ்சமும் நகரும். மணிக்கு 30 கிலோமீட்டர் வருகிறது. 4 இஞ்ச் போட்டால் கணக்குப்படி 40, இழுவை முக்கால் பங்குதான். அந்த 40ம் பேப்பரில்தான். 30லிருந்து 40க்குப் போகக் காற்றைத் தள்ளவே இரண்டே கால் மடங்குக்கு மேல் சக்தி வேண்டும். கிலோமீட்டர் கல்லை வைத்து ஓட்டிப் பார்த்தோம், 35 தாண்டவில்லை.

சரி, புகை எங்கிருந்து? டிவிஎஸ் 50 ஓட்டியவர்களுக்குத் தெரியும், ஆக்சிலேட்டரைத் திருகினால் கிளட்ச் தானாகப் பிடிக்கும். சுற்று ஏற ஏற, லைனிங் ஒட்டிய ஷூக்கள் ஸ்பிரிங்கை மீறி விரிந்து டிரம்மைக் கவ்வும். தம்பியின் வண்டியில் முழுப்பிடி 3000 சுற்றில். அப்போது 3 இஞ்ச் புல்லியில் வண்டி 15 கிலோமீட்டரில் போகும். 4 இஞ்சில் 20. மூட்டையோடு பாலம் ஏறும்போது வேகம் 16க்கு இறங்குகிறது. பழைய புல்லிக்கு அது போதும். புதுசில் ஷூ ஒரு வேகம், டிரம் ஒரு வேகம். நடுவில் தேய்ந்து வேகிறது லைனிங்.

இளகின ஸ்பிரிங் போட்டு 2000லேயே பிடிக்க வைக்கலாமே என்பார்கள். நானும் ஒரு காலத்தில் செய்தவன்தான். புகை நிற்கும், அந்தச் சுற்றில் சின்ன இன்ஜினுக்கு மூச்சு ஏது? பாதி ஏற்றத்தில் அணைந்துபோகும்.

இழுவை வேண்டுமென்று முன்புல்லியை ரொம்பச் சின்னதாக்குவதும் வேண்டாம். 'ஏ' என்கிற அளவு பெல்ட்டை 3 இஞ்சுக்குக் கீழே வளைத்தால் சீக்கிரம் வெடித்துவிடும். வீல் புல்லியைப் பெரிதாக்குங்கள். அளவெடுக்கும்போது வெளி விளிம்பை அல்ல, பெல்ட் உட்காரும் இடத்தை அளக்கணும்.

தம்பிக்குப் புது லைனிங் ஒட்டி, பழைய 3 இஞ்சையே மாட்டி அனுப்பினேன். 4 இஞ்சைக் கையோடு கேட்டு வாங்கிப் போயிருக்கிறார். சித்திரைத் திருவிழாக் கூட்டம் கலைந்து ரோடு காலியானதும், மூட்டை இல்லாமல் ஒரு தடவை போட்டுப் பார்க்கணுமாம்.