வான்கோழிக்கு முன்னால் உபவாசம்: தேங்க்ஸ்கிவிங் பிறந்த கதை

[திரையில்: அடுப்பிலிருந்து வெளியே வரும் வான்கோழி, மேலே வெண்ணெய் மினுமினுக்கிறது]

நவம்பர் மாதம், நான்காவது வியாழன். அமெரிக்காவில் அண்ணனோ அக்காவோ இருந்தால் அன்றைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வான்கோழிப் படம் வந்து விழும். தேங்க்ஸ்கிவிங் என்கிற இந்த நன்றி நாளின் பூர்விகத்தைத் தேடிக்கொண்டு போனால் ஒரு வேடிக்கை: சாப்பாட்டு மேஜையைக் காணோம். காலையிலிருந்து வெறும் வயிற்றோடு ஜெபம் செய்கிற ஒரு கூட்டம்தான் கண்ணில் படுகிறது.

[திரையில்: பிளிமத், 1621]

பள்ளிக்கூடத்தில் சொல்லும் கதை இது. 1620-இல் இங்கிலாந்திலிருந்து மேஃப்ளவர் கப்பலில் 102 பயணிகள் அமெரிக்கா வந்து, பிளிமத் என்ற இடத்தில் குடியேறினார்கள். முதல் குளிர்காலத்திலேயே ஏறக்குறைய பாதிப் பேர் செத்துப்போனார்கள். அடுத்த அறுவடை நன்றாக விளைந்தது. அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான வாம்பனோவாக் மக்களின் தலைவர் மாசசோய்ட் 90 பேரோடு வந்தார். அவர்கள் ஐந்து மான்களை வேட்டையாடிக் கொடுத்தார்கள். மூன்று நாள் விருந்து. இதுதான் 'முதல் தேங்க்ஸ்கிவிங்'.

குடியேறியவர்களில் ஒருவராக அந்த விருந்தில் இருந்த எட்வர்ட் வின்ஸ்லோ அதைப் பற்றிக் கடிதம் எழுதியிருக்கிறார். அதில் மான் இருக்கிறது, துப்பாக்கிப் பயிற்சி இருக்கிறது. தேங்க்ஸ்கிவிங் என்ற பெயர் மட்டும் இல்லை. 1841-இல் அந்தக் கடிதத்தை அச்சிட்ட அலெக்சாண்டர் யங் என்ற பாஸ்டன் பாதிரியார்தான் அடிக்குறிப்பில் அந்தப் பெயரைச் சூட்டினார். 220 வருஷம் கழித்து!

சரி, வின்ஸ்லோ ஏன் அப்படி எழுதவில்லை? அவர்களுக்கு அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் இருந்தது.

பைபிளில் கட்டளை இல்லை என்று கிறிஸ்துமஸ், ஈஸ்டர், புனிதர் திருநாள்கள் எல்லாவற்றையும் தூக்கி எறிந்தவர்கள் இவர்கள். அப்போது தனிக் காலனியாக இருந்த பக்கத்து மாசசூசெட்ஸில் 1659-இல் கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் என்று சட்டமே போட்டார்கள். மிச்சம் இருந்தது ஞாயிற்றுக்கிழமை. அப்புறம் தேதி குறிக்காத இரண்டு நாட்கள். கஷ்டம் வந்தால் உபவாச நாள். கஷ்டம் தீர்ந்தால் நன்றி நாள், அதாவது தேங்க்ஸ்கிவிங். நம்மூர் சபைகளில் உபவாச ஜெபம், ஸ்தோத்திர ஜெபம் என்பார்களே, ஏறக்குறைய அதேதான். முதலில் ஆராதனை, நீண்ட பிரசங்கம். சாப்பாடெல்லாம் அப்புறம்.

[திரையில்: வெடித்த நிலம், காய்ந்த சோளத் தட்டை]

1623 கோடைக்கு வாருங்கள். மே மூன்றாம் வாரத்திலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை சொட்டு மழை இல்லை. நட்ட சோளம் நின்ற இடத்திலேயே வாடுகிறது. ஒரு வாரநாளில் ஊரே வேலையை விட்டுவிட்டு ஜெபத்துக்குக் கூடுகிறது. அங்கேயே தங்கியிருந்த ஹோபமோக் என்ற வாம்பனோவாக் மனிதருக்கு ஒன்றும் புரியவில்லை. ஞாயிறு போய் மூன்று நாள்தானே ஆகிறது, மறுபடி ஏன் கூடுகிறார்கள் என்று ஒரு பையனிடம் விசாரிக்கிறார். காலையில் வானம் வெளுத்துக் கிடக்கிறது. எட்டு ஒன்பது மணி நேரம் ஜெபம். கலையும் நேரத்தில் மேகம் திரள்கிறது. மறுநாள் காலையில் மழை. கொட்டித் தீர்க்காமல் இதமாக, பதினான்கு நாள் விட்டுவிட்டுப் பெய்ததாக வின்ஸ்லோ எழுதுகிறார். பயிர் நிமிர்ந்தது. அதற்காக ஒரு நன்றி நாள் குறித்தார்கள்.

என்னைக் கேட்டால் முதல் தேங்க்ஸ்கிவிங் என்று சொல்ல இதற்குத்தான் தகுதி அதிகம்.

இந்த வழக்கத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. போரில் ஜெயித்தாலும் கடவுளின் கருணைதான், நன்றி நாள்தான். 1676 ஆகஸ்டில் பிளிமத்தில் அப்படி ஒரு நன்றி நாள். அன்றைக்கு ஊருக்குள் கொண்டுவந்தது, குடியேறியவர்களோடு போரிட்ட வாம்பனோவாக் தலைவர் மெட்டாகமின் வெட்டிய தலையை. அவர் யார் தெரியுமா? மான் கொடுத்து விருந்துண்ட மாசசோய்ட்டின் மகன். 1970-லிருந்து பூர்வகுடிகள் பிளிமத்தில் தேங்க்ஸ்கிவிங் அன்று துக்க நாள் அனுசரிப்பதை இதையும் நினைத்துத்தான் பார்க்க வேண்டும்.

[திரையில்: வாஷிங்டன், ஜெஃபர்சன், லிங்கன்]

நாடு உருவானதும் சண்டை தொடங்கியது. 1789-இல் வாஷிங்டன் நன்றி நாள் அறிவித்தார். ஜனாதிபதியான ஜெஃபர்சனோ முடியாது என்றுவிட்டார். ஜெபம் செய், உபவாசம் இரு என்று சொல்வது அரசாங்கத்தின் வேலை இல்லை என்பது அவர் வாதம். நாடு முழுக்க ஒரே நாளில் நன்றி நாள் வேண்டும் என்று பத்திரிகை ஆசிரியர் சாரா ஜோசபா ஹேல் வருஷக்கணக்கில் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். 1863-இல், உள்நாட்டுப் போர் நடுவே, லிங்கன் நவம்பர் கடைசி வியாழனை அறிவித்தார். அந்த அறிவிப்பில் நன்றியோடு தேசத்தின் பாவங்களுக்காகத் தாழ்மைப்படுங்கள் என்றும் இருக்கிறது. பழைய உபவாச வாடை. இன்றைய நான்காவது வியாழன் 1941-இல் வந்த சட்டம்.

காலண்டரில் ஏறியதோடு அந்தப் பழைய கணக்கு முடிந்தது. மழை பெய்தாலும் பொய்த்தாலும் தேங்க்ஸ்கிவிங் வந்துவிடும்.

கூடப் பிறந்த உபவாச நாள் என்ன ஆயிற்று? அதுவும் மாசசூசெட்ஸில் வசந்தகால விடுமுறையாக ஒட்டிக்கொண்டிருந்தது. யாரும் பட்டினி கிடக்கவில்லை. பேஸ்பால் பார்க்கப் போனார்கள். 1894-இல் அரசு அதை எடுத்துவிட்டது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் மட்டும் 1991 வரை உபவாச நாளுக்கு லீவு விட்டுக்கொண்டிருந்தார்கள்.