மூத்திரத்தை அடக்கக் கூடாது
(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, ஆலயத் தலைவர் ஐயா அவர்களே, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மா அவர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரே, வேலை முடிந்து நேரே இங்கு வந்து அமர்ந்திருக்கும் தோட்டத்து உறவுகளே, வணக்கம். மலேசிய இந்தியர்களின் தலைவராக விளங்கிய துன் சம்பந்தன் பிறந்த மண்ணில் பேச வாய்ப்புத் தந்த ஏற்பாட்டுக் குழுவுக்கு நன்றி. எனக்குப் போட்ட மாலையை முன்வரிசையில் இருக்கும் பாட்டியம்மாவுக்குப் போடச் சொல்லிவிட்டேன். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய கை அது. இன்றைய தலைப்புக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு.

மலஜலம் பற்றி மேடையில் பேசலாமா என்று ஒருவர் கேட்டார். ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்கக் கூடாது என்று கூச்சமில்லாமல் சொன்னவர்கள் நம் முன்னோர். சித்த மருத்துவம் அடக்கக் கூடாத 14 வேகங்களை, அதாவது உடம்பின் உந்துதல்களை, சொல்கிறது; மலமும் சிறுநீரும் அதில் உண்டு. நான் மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: விலங்குகள், மனிதர்கள், அடக்குவதால் வரும் சிக்கல்கள்.

பிறந்த நாய்க்குட்டிக்குத் தானாகச் சிறுநீர் போகத் தெரியாது, தாய் நக்கிவிட வேண்டும். 3 கிலோவுக்கு மேல் எடையுள்ள பாலூட்டிகள், யானையே ஆனாலும், சிறுநீர்ப்பையைக் காலி செய்ய ஏறக்குறைய 21 நொடிதான் எடுத்துக்கொள்கின்றன என்று 2014இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதினார்கள். மாடு கண்ட இடத்தில் போகும் என்றுதானே நினைத்தோம்? 2021இல் ஜெர்மனியில் 16 கன்றுகளுக்குக் கழிப்பிடப் பயிற்சி கொடுத்தார்கள். சரியான இடத்தில் போனால் தீனி, தவறினால் மேலே கொஞ்சம் தண்ணீர். 11 கன்றுகள் கற்றுக்கொண்டன. லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் மாடு வளர்த்தவர்களே, கன்றுக்குக்கூட இத்தனை பொறுமை காட்டியிருக்கிறார்கள்!

மனிதனுக்குச் சிறுநீர் வழியில் இரண்டு பூட்டுகள். உள்பூட்டு நம் பேச்சைக் கேட்காது, வெளிப்பூட்டு கேட்கும். "இப்போது வேண்டாம்" என்று உத்தரவு போடுவது மூளையின் முன்பகுதி. பெரும்பாலான பிள்ளைகள் பகல் நேரக் கட்டுப்பாட்டை 2 முதல் 4 வயதுக்குள் பழகுகிறார்கள். ஆனால் ஏழு வயதுப் பிள்ளையைப் பெரியவர் மாதிரி அடக்கச் சொல்வது நியாயமா?

ஒரு பள்ளி, பெயர் வேண்டாம். அங்கே ஒரு விழா. முதலாம் ஆண்டுப் பையன் ஒருவன் குட்டி வேட்டி கட்டி, மாலைத் தட்டோடு வாசலில் நிற்கிறான். பிரமுகர் ஒன்பது மணிக்கு வர வேண்டும். "டீச்சர், ஒன்னுக்கு." "இரு கண்ணு, இதோ வந்துடுவாரு." ஒன்பதரை. "டீச்சர்..." "டவுனுக்குள்ள கார் வந்தாச்சாம்." பையனுக்குக் கால் பின்னுகிறது. உறுமி மேளக்காரர்கள் அடித்து ஓய்ந்து, தேத்தண்ணி குடித்து, மறுபடி அடிக்கிறார்கள். பத்து மணி ஆயிற்று. கார் வந்தது, மேளம் முழங்கியது, பிரமுகர் இறங்கினார். பையன் தட்டை அவர் கையிலேயே திணித்துவிட்டு எடுத்தானே ஓட்டம்! கூட்டம் கைதட்டிச் சிரித்தது, நானும் சிரித்தேன். அவன் ஓடிப் பார்த்தால் கழிவறைக் கதவில் பூட்டு. விழாவுக்காகக் கழுவி, அழுக்காகக் கூடாதென்று பூட்டிவிட்டார்கள். நனைந்த வேட்டியோடு அங்கேயே நின்றான். அப்புறம் அவன் பள்ளிக்குத் தண்ணீர் போத்தல் எடுத்துப் போவதையே நிறுத்திவிட்டான் என்று அவன் தாய் சொன்னார்.

ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்கக் கூடாது. மலமும் அப்படித்தான். வயிற்றில் உணவு விழுந்ததும் பெருங்குடல் அசையும், அது உடம்பின் இயல்பு. ஓய்வு நேரத்தில் நாசி லெமாக் சாப்பிட்ட பிள்ளைக்கு மணி அடித்த பிறகுதான் வயிறு கலக்கும். "இப்பத்தானே ஓய்வு முடிஞ்சது, உட்கார்" என்கிறோம். அடக்க அடக்க மலம் இறுகும், மலக்குடல் விரியும், உணர்ச்சி மங்கும். பிறகு பிள்ளை அறியாமலே கசியும். அதற்கும் அவனைத்தான் திட்டுகிறோம். சிறுநீரை அடக்கும் பெண்பிள்ளைகளுக்கு நீர்த்தாரைத் தொற்று வருகிறது.

விடியுமுன் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய், மரக்காட்டில் மறைவு கிடைக்காமல், வேலையை மேற்பார்க்கும் தண்டல் வருவாரோ என்று அடக்கிக்கொண்டே வெட்டிய தலைமுறை இந்தப் பாட்டியுடையது. பேத்தியும் வகுப்பில் அடக்கிக்கொண்டு உட்கார வேண்டுமா?

மாண்புமிகு அவர்களே, உங்கள் முன் வைப்பது இதுதான். இவ்வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் ஒவ்வொரு கழிவறையிலும் உள்தாழ்ப்பாள், தண்ணீர், சோப்பு, விளக்கு வேண்டும். பள்ளி நேரத்தில் எந்தக் கதவிலும் பூட்டுத் தொங்கக் கூடாது. கேட்ட பிள்ளையை ஆசிரியர் உடனே அனுப்ப வேண்டும். கோரிக்கை மனு வாசல் மேசையில் இருக்கிறது. சாப்பாட்டுக்குப் போகும் முன் எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். முதல் கையெழுத்தைப் பாட்டியம்மா போடட்டும்.